மீட்பு நிலையம்

அரசாணை திங்கட்கிழமை வந்தது.
எண்பத்தாறு படிவங்களில்
ஒரு சொல்லை எடுத்துவிட்டு
இன்னொன்றை வைக்க வேண்டும்.
தேடு, மாற்று.
கணினிக்கு நான்கு நொடி.
எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

எடுக்கச் சொன்ன சொல்
என் அண்ணன் அலீரின் பெயருக்குப் பக்கத்தில்
முப்பத்தொரு வருடம் குடியிருந்தது.
பின்தங்கியவர்.
அதற்கு முன்னால் இருந்ததை
அம்மா வாயால் சொல்லிக் கேட்டதில்லை.
ஞானஸ்நானச் சான்றிதழோடு
ஒரே பிஸ்கட் டப்பாவில் அது கிடந்தது.
டாக்டர் நீல மையில் எழுதியிருந்தார்:
மூடன். நடுத்தரம்.
முட்டைக்குத் தரம் போடுவதுபோல.

கன்னியாஸ்திரிகளின் இல்லத்திலிருந்து
அவன் வீடு திரும்பியபோது
கோட்டுக் காலரின் உட்புறம்
ஒரு சொல்லின் முதலெழுத்தும்
நாற்பத்துநான்கு என்ற எண்ணும் தைத்திருந்தன.
அம்மா நூலைப் பிரித்தாள்.
ஊசித்துளைகள் அப்படியே இருந்தன.
அந்தக் கோட்டையே அவன்
இன்னும் நாலு பனிக்காலம் போட்டுக்கொண்டான்.

கனிவாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்,
அதில் எனக்குச் சந்தேகமில்லை.
கமிட்டி, காபி, பிரெஞ்சுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று.
சலவையிலிருந்து வந்த சட்டைபோல
மடிப்புக் கலையாமல் வருகிறது சொல்.
அடுத்த இலையுதிர்காலத்துக்குள்
பள்ளி மைதானத்துப் பையன்கள்
அதையும் எறியக் கற்றுக்கொள்கிறார்கள்.
பந்தைக் கோட்டைவிட்ட ஒருவன்மேல்.

அலீரிடம் ராத்திரி சொன்னேன்.
மாங்டனில் காலி பாட்டில் வாங்கும் கடையில் அவனுக்கு வேலை.
வாசலில் 'மீட்பு நிலையம்' என்று பலகை.
பச்சை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம்,
உடைந்தது தனி வாளி.
இருபது வருடத்தில் கை ஒரு தடவைதான் கிழிந்தது.
"உன் சொல்லை மாத்திட்டாங்க அலீர்."
அவன் சூப்பை ஊதினான்.
பஸ் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.
பழைய சொல், பழைய போட்டோ.
"புதுசுக்கும் பஸ் இலவசமா?"

காலையில் போன் போட்டுக் கேட்டேன்.
இலவசம்தான்.
போட்டோ மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.

ஞாயிறு ஜெலிகா வந்தாள்.
அவன் பக்கத்து மேசையில் மூடிகளை எண்ணுகிறவள்.
பஸ் பிடித்து ஃபிரெடெரிக்டன் வரை போய்
மைக் முன்னால் நின்று பேசிய நால்வரில் ஒருத்தி.
"சொல்லுல என்ன இருக்கு?" என்றேன்,
அலுப்பில், அரசாங்க ஊழியையின் அலுப்பில்.
அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
"உன்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்ல."
பிறகு உருளைக்கிழங்கு உருண்டையை
நாலாக வெட்டிச் சாப்பிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"புதுசு ரொம்ப நீளம்," என்றான் அலீர்,
"வாய்ல நிக்கல."
"பழகிக்கோ," என்றாள் ஜெலிகா.

புதன்கிழமை ஒரு புகார் வந்தது, வீட்டுவசதித் துறையிலிருந்து.
எங்கள் பிரெஞ்சில்
பின்தங்கியவனுக்கும் வாடகை பாக்கிக்கும் ஒரே சொல்.
கணினிக்கு அது தெரியாது.
எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது:
'தங்கள் அறிவுசார் குறைபாட்டை
முப்பது நாட்களுக்குள் செலுத்தவும்.'

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.
நான் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்தேன்,
குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம்.
அது சிரிப்பாகவே முடிந்ததா என்று
இப்போது சொல்லத் தெரியவில்லை.

அலீருக்கு அதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது,
புரியாததால் அல்ல, பிடித்துப்போனதால்.
மூன்றாம் முறை முடிந்ததும் கேட்டான்:
"அப்போ இத்தனை வருஷம்
என் அட்டைல பாக்கின்னா போட்டிருந்தது?"
"அப்படியும் படிக்கலாம்."
"யார் தரணும்?"

வெளியே பெட்டிகோடியாக்கில் ஏற்றம் வரும் நேரம்.
சேற்றுநிற ஆறு
ஒற்றை அலையாகத் திரும்பி
வந்த வழியே ஏறிக்கொண்டிருந்தது.
அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
போட்டோவுக்குச் சிவப்பு டையா, கோடு போட்டதா
என்று கண்ணாடிமுன் நின்றிருந்தான்.